கால் ஒபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு



நீளமான பதிவுதான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் யாருக்காவது காலில் பிளாஸ்டர் இருந்தால் இப்போதே வாசியுங்கள்.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம்ம கரையோர ஊர்களில் கால் ஒபரேஷன் புதினமான விஷயம் இல்லை. பிரதான வீதியில் பைக் சறுக்கிக் கணுக்கால் முறிந்தவர்கள், சீனி வருத்தத்தால் கால் விரல் எடுத்தவர்கள், வட்டைக்குள் மண்வெட்டி பட்டுக் குதிகால் நரம்பு அறுந்தவர்கள், ஓடு மாற்ற ஏறி விழுந்தவர்கள் என்று குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார். நாமும் சுகம் விசாரிக்கப் போவோம். நெஸ்டமோல்ட் ஒரு பெட்டி, தோடம்பழம் நாலு. போய் உட்கார்ந்ததும் கேட்பதெல்லாம் எலும்பைப் பற்றித்தான். எத்தனை இடத்தில் முறிவு, பிளேட் வைத்ததா, ஆணி எத்தனை, எப்ப நடக்கலாம். கெண்டைக்கால் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறோம். கேட்கப் பழகிய கதையைச் சொல்கிறோம்.

எங்களுடைய கணித சேருக்குப் போன மாரி காலத்தில் கணுக்கால் முறிந்தது. (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.) மழைத் தூறலில் பைக் சரிந்து, வண்டி முழுவதும் வலது காலில் விழுந்துவிட்டது. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் போய்விட்டது. பிளேட் வைத்து, ஆணி பூட்டி, முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டு நாலாம் நாள் துண்டு வெட்டினார்கள். ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. கூடவே வயிற்றில் நாளுக்கு ஒரு ஊசி. அந்த ஊசி எதற்கென்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, உடம்பும் கொஞ்சம் பாரம், அவருடைய ராத்தாவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு காலில் இரத்தக்கட்டி வந்திருக்கிறது. இந்த மூன்றையும் கேட்டுத்தான் டொக்டர் ஊசி எழுதினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய தம்பி மருந்துப் பெட்டியைப் பார்த்து, போனில் பெயரை அடித்துத் தேடியிருக்கிறார். 'இது பன்றிக் குடலிலிருந்து எடுக்கிற மருந்து' என்று வந்திருக்கிறது. அத்தோடு ஊசி நின்றுவிட்டது. டொக்டரிடம் கேட்கவில்லை, மௌலவியிடமும் கேட்கவில்லை. மீதி ஊசிகள் அலுமாரி மேலே பெட்டியோடு இருந்தன.

நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு போனோம். ஒபரேஷன் முடிந்து பதினைந்தாவது நாள். சேர் கட்டிலில் சாய்ந்திருந்தார், பகிடியெல்லாம் விட்டார். இடையிடையே முகம் சுளித்தது. கேட்டதற்கு, "பிளாஸ்டர் இறுகுது, வேறொண்டுமில்ல. ரெண்டு நாளா கெண்டைக்குள்ள முறுக்குப் பிடிச்ச மாதிரி" என்றார். அவருடைய மாமி வாசலில் நின்றபடி, "முறிவு நெரிவு பார்க்கிற பரிசாரியாருக்குச் சொல்லி இரிக்கி, மஃரிபுக்குப் பிறகு வாறாராம். தொடையிலருந்து எண்ணெய் போட்டு உருவி விட்டா ரெத்தம் ஓடும்" என்றார். எண்ணெய்ப் போத்தலும் மேசையில் தயாராக இருந்தது.

எங்களோடு வந்திருந்த விஞ்ஞான டீச்சரின் தங்கை தாதி உத்தியோகத்தர். டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்கு அவருக்குப் போன் எடுத்தார். தங்கை கேட்டது நாலு கேள்வி. எந்தக் கால்? காலை உயர்த்தி வைத்தும் இறுக்கம் குறையவில்லையா? மற்றக் காலை விடத் தொடை வீங்கியிருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? முதல் மூன்றுக்கும் பதில் சரியாக வரவில்லை. நாலாவது கேள்விக்கு சேரின் மனைவி, "காலையில பாத்ரூமுக்குப் போய் வந்தப்ப கொஞ்சம் இளைச்சாரு" என்றார். மறுமுனையில் தங்கை சொன்னதைப் போனுக்கு வெளியேயும் கேட்டோம். "ஆரும் அந்தக் காலை உருவக் கூடாது. இப்பவே 1990க்கு அடிங்க."

பரிசாரியாருக்கு வேண்டாமென்று சொல்ல ஆள் அனுப்பினோம். மாமிக்குக் கோபம்தான். அம்புலன்ஸ் வந்தது. பிளாஸ்டரைப் பிளந்து பார்த்தபோது வலது கெண்டை இடதை விடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருத்திருந்தது. டொப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்து நாளத்தில் கட்டி, முழங்காலைத் தாண்டி மேலே போயிருந்தது. சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலுக்கும் சிறிய துண்டு ஒன்று போய்ச் சேர்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், சிறிய துண்டு.

கணுக்காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டாஃப் ரூமில் இதை விளங்கப்படுத்த விஞ்ஞான டீச்சர் எடுத்த உதாரணம் கல்லோயா வாய்க்கால். தண்ணீர் திறந்து ஓடும்வரை வாய்க்கால் சுத்தமாக இருக்கும். அடைத்துவிட்டால் இரண்டு கிழமையில் சேறு படியும், பாசி கட்டும். காலிலும் அப்படித்தான். இதயம் இரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடும், ஆனால் காலிலிருந்து மேலே கொண்டு வருவது பெரும்பாலும் கெண்டைச்சதையின் வேலை. நாம் நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழ நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. கீழே திரும்பாமல் நாளத்துக்குள் வால்வுகள் தடுக்கின்றன. பிளாஸ்டர் போட்டுக் காலை ஊன்றாமல் வைத்தால் அந்தப் பம்பு நின்றுவிடுகிறது.

ருடொல்ஃப் வியர்ஹோ என்ற ஜெர்மன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்தக் கட்டிகளை ஆராய்ந்தார். காலில் உருவான கட்டி கழன்று இரத்தத்தோடு பயணம் செய்து நுரையீரலில் போய் அடைக்கிறது என்று காட்டியவர் அவர். இரத்தம் தேங்குவது, இரத்தக் குழாயின் சுவர் காயப்படுவது, இரத்தம் சுலபமாக உறையும் நிலையில் இருப்பது என்ற மூன்று காரணங்களும் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. கணுக்கால் ஒபரேஷனில் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன. முறிவிலும் கத்தியிலும் குழாய் காயப்படுகிறது. பிளாஸ்டரில் இரத்தம் தேங்குகிறது. காயத்தை ஆற்ற உடம்பு தானாகவே இரத்தத்தை உறையச் செய்கிறது. வியர்ஹோ பிறந்த ஒக்டோபர் 13தான் உலக இரத்த உறைவு தினம். நம்ம பாடசாலைகளில் எத்தனையோ தினம் கொண்டாடுகிறோம், இதை மட்டும் எங்கும் கண்டதில்லை.

'இதெல்லாம் வயது போனவர்களுக்கு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வருவது' என்று நினைப்பவர்களுக்கு செரீனா வில்லியம்ஸின் கதையைச் சொல்ல வேண்டும். 2010 ஜூலையில் விம்பிள்டன் வென்ற சில நாட்களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஒரு உணவகத்தில் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டார். கால் நரம்பு அறுந்தது. அந்தக் காலில் இரண்டு தடவை ஒபரேஷன், வாரக்கணக்கில் கட்டு. 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூச்சுத் திணறலோடு வைத்தியசாலைக்குப் போனபோது நுரையீரலில் இரத்தக்கட்டிகள் இருந்தன. உலகத்திலேயே பலமான கால்களில் ஒரு சோடி அவருடையது. வயது அப்போது 29.

அந்தக் கதையின் இரண்டாம் பகுதியும் முக்கியம். 2017 செப்டம்பரில் ஒபரேஷன் செய்து குழந்தை பெற்ற மறுநாள் அவருக்குத் திரும்பவும் மூச்சு முட்டியது. முன் அனுபவம் இருந்ததால் உடனே தாதியிடம் சொன்னார், சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டுமென்று பெயர் சொல்லியே கேட்டார். முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு சி.டி. எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. பணமும் புகழும் உள்ள ஒருவருக்கே தன் உடம்பைப் பற்றித் தானே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், வாட்டில் டொக்டர் கேட்டதற்கெல்லாம் "ஒண்டுமில்ல டொக்டர், சுகம்" என்று தலையாட்டும் நம்ம வாப்பாமாரை நினைத்துப் பாருங்கள்.

இனி ஹெப்பாரின் விஷயம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான்.

சேரின் தம்பி தேடிக் கண்டது பொய் இல்லை. 1916இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலிலிருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டார். ஹெப்பாரின் என்ற பெயரே ஈரல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இன்று உலகத்தில் பாவிக்கப்படும் ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. எனோக்ஸபாரின் என்ற, நாம் வயிற்றில் போடும் ஊசியும் அதே வழியில் வந்ததுதான். இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. மறைத்தால் நாளைக்கு இன்னொரு தம்பி போனில் தேடுவார்.

ஆனால் இந்தக் கேள்வி நமக்கு முன்பே நம்ம உலமாக்களிடம் போயிருக்கிறது. மக்காவில் இருக்கும் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் கூடிய 17ஆவது அமர்வில் இதே மருந்தைப் பற்றி, அதாவது குறைந்த மூலக்கூற்று எடையுள்ள ஹெப்பாரினைப் பற்றி, தனியாக ஆராய்ந்து தீர்மானம் எடுத்தது. சிகிச்சையில் அதே பயனைத் தரும் ஆகுமான மாற்று மருந்து கிடைக்காதபோது, அல்லது மாற்று மருந்து சிகிச்சையை நீட்டிவிடுமென்றால், இதைப் பாவிக்கலாம், தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். எங்கள் இஸ்லாம் பாட மௌலவி இதைத் தேடி எடுத்து வைத்தியசாலைக்கே கொண்டுபோய் சேருக்கு வாசித்துக் காட்டினார். சேர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பதின்மூணு நாள் சும்மா பயந்து கிடந்திரிக்கன்" என்றார். மௌலவி சிரித்துக்கொண்டு, "மார்க்கத்தில சந்தேகமெண்டா மௌலவியிட்ட கேளுங்க, மருந்தில சந்தேகமெண்டா டொக்டரிட்ட கேளுங்க. ஃபேஸ்புக்கில கேக்காதீங்க" என்றார். (இதை ஃபேஸ்புக்கில்தான் எழுதுகிறோம் என்பது எங்களுக்கும் விளங்குகிறது.)

மாற்று மருந்துகளும் இருக்கின்றன. ஃபொன்டபாரினக்ஸ் என்ற ஊசி முழுக்க இரசாயன முறையில் செய்யப்படுவது. ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் என்ற குளிசைகளும் விலங்கிலிருந்து வருவதில்லை. எல்லா இடத்திலும் கிடைக்காது, எல்லோருக்கும் பொருந்தாது, விலையும் ஒரு பிரச்சினை. ஆனால் 'எனக்கு இந்த மருந்தில் மார்க்க ரீதியாக ஒரு தயக்கம் இருக்கு, வேறு ஏதும் தரலாமா' என்று துண்டு வெட்டும் நேரத்திலேயே வாய் திறந்து கேட்கலாம். எந்த டொக்டரும் அதற்குக் கோபப்பட மாட்டார். வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் நிறுத்துவதைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்படுகிறார்கள்.

நோன்பு காலத்தில் இன்னொரு கேள்வியும் வரும். ஊசி போட்டால் நோன்பு முறியுமா? ஜித்தாவில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1997இல் எடுத்த தீர்மானத்தின்படி, தோலுக்குள்ளோ தசைக்குள்ளோ நாளத்துக்குள்ளோ போடும் ஊசிகள் நோன்பை முறிக்காது, உணவாகச் செலுத்தப்படுபவை தவிர. நாளுக்கு ஒரு தடவை போடும் ஊசியை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டொக்டரிடம் கேட்டாலும் பெரும்பாலும் வழி இருக்கும். ஒபரேஷன் செய்த காலோடு பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நோன்பு பிடிப்பது வேறு கேள்வி. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை எதற்கு இருக்கிறது?

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்களே வதந்தி பரப்பியவர்களாகிவிடுவோம். சேருக்கு ஊசியை நிறுத்தியதால்தான் கட்டி வந்தது என்று டொக்டர் சொல்லவில்லை. போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்றுதான் சொன்னார். காலில் பிளாஸ்டர் போட்ட எல்லோருக்கும் இந்த ஊசி தேவையும் இல்லை. நெதர்லாந்தில் கீழ்க்காலில் பிளாஸ்டர் போட்ட ஏறக்குறைய 1,500 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஊசி போட்டு, மறு பகுதிக்குப் போடாமல் பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் ஊசி போட்டவர்களில் 1.4 வீதமானவர்களுக்கும், போடாதவர்களில் 1.8 வீதமானவர்களுக்கும் அறிகுறியோடு கட்டி வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. நூற்றுக்கு 98 பேருக்கு ஒன்றுமே வரவில்லை என்பதையும் இதில் பார்க்க வேண்டும்.

அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று வாட்டில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. இந்த மருந்துக்கு மறுபக்கமும் உண்டு, இரத்தம் கசியும். செரீனாவுக்கே 2011இல் வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் பெருகித் திரண்டு, அதற்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதை டொக்டர் ஆளைப் பார்த்து நிறுத்து முடிவெடுக்கிறார். முன்பு கட்டி வந்தவரா, குடும்பத்தில் யாருக்கும் வந்திருக்கிறதா, புற்றுநோய் இருக்கிறதா, உடம்பு பாரமா, ஒபரேஷன் நீண்ட நேரம் எடுத்ததா, எத்தனை கிழமைக்குக் கால் ஊன்றாமல் இருக்கப் போகிறார் என்பதெல்லாம் கணக்கில் வரும். பதில் நம்மிடம்தான் இருக்கிறது. சேர் தன் ராத்தாவின் கதையைச் சொன்னதால்தான் அவருக்கு ஊசியே எழுதினார்கள்.

பெண்களுக்கு இதில் ஒரு தனிப் பேச்சு இருக்கிறது, எங்கள் டீச்சர்மார் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை குடிப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர்களுக்கும் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். கால் முறிந்து வாட்டுக்குப் போன பிள்ளை, பக்கத்தில் மாமியும் மாமனாரும் நிற்கும்போது, குளிசை குடிக்கிறேன் என்று எப்படிச் சொல்லும்? சொல்லாது. "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் வரும். அதனால் கூட வருபவர்கள் அந்த ஐந்து நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். பிள்ளை தாதியிடமாவது காதோடு சொல்லட்டும். டொக்டரிடம் கேட்காமல் குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

சேருக்கு ஊசியோடு வார்ஃபரின் குளிசையும் தொடங்கினார்கள். வார்ஃபரின் வேலை செய்யத் தொடங்க நாட்கள் எடுக்கும், அதுவரைக்கும் ஊசியும் சேர்ந்து போக வேண்டும். இந்த வார்ஃபரினின் கதை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு கிழமை ஓடியது. 1920களில் வட அமெரிக்காவில் பழுதடைந்த ஒரு வகைப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் அந்தப் புல்லுக்குள் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து செய்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. சில வருடத்தில் மனிதருக்கும் மருந்தானது. 1955இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். கணித சேரைப் பார்க்கப் போனால் இப்போது அவரே, "எலி மருந்து குடிக்கிற மனுசனோட கவனமாப் பேசுங்க" என்பார்.

பகிடி ஒரு பக்கம். வார்ஃபரின் குடிப்பவர் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அளவு குறைந்தால் கட்டி வளரும், கூடினால் இரத்தம் கசியும். கீரையை விடச் சொல்லி யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு மட்டும் வல்லாரையும் முளைக்கீரையும் குவித்துச் சாப்பிட்டு அடுத்த பத்து நாளைக்குத் தொடாமல் இருப்பதுதான் பிரச்சினை, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். நோவுக்கு என்று பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது ஆபத்து. கருஞ்சீரக எண்ணெய், உள்ளிக் குளிசை என்று மருந்தாக எடுப்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். ஹிஜாமா செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர் வந்தால் டொக்டரின் சம்மதம் இல்லாமல் கீறாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போதும் முதல் வார்த்தை இந்தக் குளிசை பற்றியதாக இருக்க வேண்டும்.

பரிசாரியாரைப் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். நம்ம ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாக வந்தது. சுளுக்குக்கும் பிசகலுக்கும் அவர்கள் கையில் சுகம் கண்டவர்கள் ஆயிரம் பேர், எங்களில் இரண்டு பேரும் அதில் சேர்த்தி. அன்றைக்கு வர இருந்த பரிசாரியாரிடம் பிறகு போய்ப் பேசினோம். அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "தோலுக்கு மேல பாத்தா எனக்கெப்படி வெளங்கும்?" விளங்காதுதான். டொக்டருக்கே ஸ்கேன் வேண்டியிருக்கிறது. ஆழ நாளத்தில் கட்டி இருக்கும் காலை அழுத்தி உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகலாம் என்று சொன்னோம். இப்போது அவர் ஒபரேஷன் செய்த காலையோ பிளாஸ்டர் போட்ட காலையோ மூன்று மாதத்துக்குத் தொடுவதில்லை என்று தானே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். மூன்று மாதம் என்று அவர் எப்படிக் கணக்கெடுத்தாரோ தெரியாது, ஆனால் சரியான கணக்கு. ஆபத்து கூடுதலாக இருப்பது முதல் சில கிழமைகளில், மூன்று மாதம் வரை வரலாம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒருவர் மௌத்தானார். சீனி வருத்தக்காரர், பாதத்தில் ஒபரேஷன் செய்து மூன்றாவது கிழமை. புண் நன்றாக ஆறி வந்தது. ஸுபஹுக்கு எழும்பி வுழூ செய்யப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைத்து விழுந்தார். ஹார்ட் அட்டாக் என்றார்கள். லுஹருக்கு முன் ஜனாஸா அடக்கியாயிற்று. அவருடைய மகள் இப்போது எங்கள் பாடசாலையில் படிப்பிக்கிறார். சேரின் கதை நடந்த பிறகு ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில், "வாப்பாக்கும் அதுக்கு முதல் நாள் கெண்டைக்கால் நோவுதெண்டு சொன்னவரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அறிகுறிகளைத் திரும்பச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பிளாஸ்டருக்குள் வருவதால் இது ஆளை ஏமாற்றும். ஒரு காலில் மட்டும் கெண்டையிலோ தொடையிலோ நோவு, வீக்கம், சூடு, நிறம் மாறுதல். காலை உயர்த்தி வைத்தும் குறையாத இறுக்கம். பிளாஸ்டரை வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினால், மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால், தலை சுற்றி விழுந்தால், நெஞ்சு படபடவென்று அடித்தால் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடியுங்கள். காசு இல்லாத சேவை. 'கால் ஒபரேஷன் செய்து இத்தனை நாள்' என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறது என்று மட்டும் சொன்னால் வீசிங் என்று நினைக்க இடமிருக்கிறது.

வீட்டில் இருக்கும்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். தண்ணீர் குடிப்பது, சிகரெட்டை விடுவது, டொக்டர் அனுமதித்த அளவுக்கு எழும்பி ஊன்றுகோலில் நடப்பது. பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் விரல்களை அசைப்பது, முழங்காலை மடக்கி நீட்டுவது, மற்றக் காலின் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. சேர் இதற்கு ஐந்து வக்தைக் கணக்கு வைத்தார். கதிரையில் இருந்து தொழுது ஸலாம் கொடுத்ததும் தஸ்பீஹோடு விரல் அசைப்பு. நடுவிலும் செய்ய வேண்டும் என்று பிஸியோதெரப்பி மிஸ் சொன்னதால் பாடசாலை மணியையும் சேர்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்கு எங்கள் மணிச் சத்தம் கேட்கும். எட்டுப் பாடவேளை, எட்டுத் தடவை.

கடைசியாகப் பிரயாணம். கிளினிக் என்றும் கலியாணம் என்றும் ஒபரேஷன் செய்த காலோடு கொழும்புக்கு இரவு பஸ்ஸில் எட்டு ஒன்பது மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள், வானில் போங்கள், காலை நீட்டி வையுங்கள், இடையில் இறங்கி அசையுங்கள். உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல் கவனம். எங்களில் ஒருவருடைய உம்மாவுக்குப் பாதத்தில் ஒபரேஷன் முடிந்து மூன்று கிழமையில் உம்ரா டிக்கட் போட்டிருந்தது. ஏஜென்ட் நல்ல மனிதர், "வீல் செயார் ஏற்பாடு செய்து தாறன், உம்மாக்கு ஒரு கஷ்டமுமில்ல" என்றார். கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தாவுக்கு அத்தனை மணித்தியாலம் உட்கார்ந்து போவதுதான் கஷ்டம், விமான நிலையத்துக்குள் நடப்பது இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. டொக்டர் தள்ளிப்போடச் சொன்னார். உம்மா இரண்டு நாள் அழுதார். ஏஜென்ட் திகதி மாற்றியதற்குக் கொஞ்சம் காசு கழித்துக்கொண்டார். புதிய திகதி ரபீஉல் அவ்வலில். உம்மா இப்போது பிளாஸ்டர் கழற்றி, முற்றத்தில் காலையும் மாலையும் நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்.